பெருக்கமரத்தின் சுற்றளவும் பனையின் வயதும்

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் மரத்தை ஊர்ச்சனம் பெருக்கமரம் என்கிறது. பெயரிலேயே பருமன் இருக்கிறது. யானைப்புளி என்ற இன்னொரு பெயரும் அதன் பருமனைப் பார்த்து வைத்ததுதான். இந்த மரத்தின் உயரம் ஏழரை மீற்றர் அளவுதான். சுற்றளவோ ஏறத்தாழ 19.5 மீற்றர். அதைச் சுற்றிக் கைகோத்து நிற்கப் பன்னிரண்டு பேராவது வேண்டும்.

அரபு வணிகர்கள் 1477இல் நட்டார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. 700 வருடம் என்பாரும் உண்டு. இவ்வளவு பருமன் என்றால் வயதும் அவ்வளவு இருக்கத்தானே வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் பெருக்கமரத்தில் அந்தக் கணக்குச் சரிவராது. அதன் தண்டு நீரைச் சேமிக்கும். மழைக்குப் பருக்கும், வரட்சியில் சுருங்கும். பல தண்டுகள் ஒன்றாய் ஒட்டி ஒரே மரமாகத் தெரிவதும் உண்டு. முதிர்ந்தால் உள்ளே பொந்து விழும். நெடுந்தீவு மரத்தின் பொந்துக்குள் ஆள் போய் நிற்கலாம். 18ஆம் நூற்றாண்டில் செனகலில் இவற்றை அளந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடன்சன், சிலவற்றுக்கு 5,000 ஆண்டுக்கு மேல் வயது கணித்தார். இம்மரத்தின் அறிவியற் பெயர் அவரைக் கொண்டே அமைந்தது. ஆனால் பின்னாளில் கரிமக் கணிப்பில் வயது தெரிந்த மிக மூத்த மரமே 2,450 ஆண்டு அளவுதான்.

யானையிடம் சுற்றளவு ஓரளவு உண்மை பேசும். முன்னங்கால் பாதத்தின் சுற்றளவை இரட்டித்தால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும்.

எங்கள் பனையோ இன்னொரு வகை. வேம்பு, புளி போல அதற்கு ஆண்டுதோறும் தண்டு பருப்பதில்லை. அடிமரம் உருவானபின் மேலே மட்டும்தான் வளரும். அதனால் முப்பது வருடப் பனையையும் எண்பது வருடப் பனையையும் கயிறு சுற்றிப் பிரித்தறிய முடியாது. பங்கர்களுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்ட பனைகளின் வயது அப்படியே கணக்கில்லாமல் போயிற்று. தறித்த பனை தழைக்கவும் மாட்டாது. இன்று நிற்கும் வடலிகள் புதிதாய்த் தொடங்கியவை.

மீள்குடியேறிய பலரிடம் நான் கேட்டிருக்கிறேன்: வீடும் வேலியும் இல்லாத இடத்தில் உங்கள் காணியை எப்படிக் கண்டீர்கள்? முதலில் கிணறு என்பார்கள், அடுத்தது மரம். "எங்கட புளி" என்று சொல்லும்போது அவர்கள் கை தானாகவே ஒரு பருமனைக் காட்டும்.

அப்படி ஒரு வேம்போ புளியோ உங்கள் காணியில் மிஞ்சியிருந்தால் அளந்து வையுங்கள். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், தையற்காரரின் நாடா சரியாமல் சுற்ற வேண்டும். அந்த இடத்தில் முண்டு இருந்தால் சற்று மேலே அளந்து, அந்த உயரத்தையும் எழுதுங்கள். இது காணி உறுதிக்கு ஈடாகாது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில், அதே இடத்தில் அளந்தால் உங்கள் மண்ணில் அந்த மரம் வருடத்துக்கு எத்தனை சென்ரிமீற்றர் பருக்கிறது என்பது தெரியவரும். அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.