இல்லாத பெட்டியில் என்ன இருக்கும்?

சுரக்குடி என்னும் சிற்றூரை முகவரியில் தேடுவோமானால், இந்தியா, புதுச்சேரி ஒன்றியப் பகுதி, காரைக்கால் மாவட்டம், திருநள்ளாறு கொம்யூன் என ஒவ்வொரு வாசலாகக் கடந்தே அதனை அடைய வேண்டும். கணிப்பொறியும் தன் செய்திகளை இவ்வாறே பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி வைக்கிறது. நடுவில் ஒரு பெட்டி இல்லாவிடில் என்ன செய்வது? இச்சிறு வினாவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

கொழும்பில் பிறந்த ஆங்கிலேயர் டோனி ஹோர், 1965-இல் அல்கால் டபிள்யூ என்னும் நிரல்மொழியில் எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டு ஒன்றைப் புகுத்தினார். புகுத்துவது எளிதாயிருந்தது, காரணம் அவ்வளவே. வெற்றிடத்தின் வழியே அடுத்த பெட்டியைத் திறக்க முயன்ற நிரல்கள் பாதியில் நின்றன. 2009-இல் அவரே அதனைத் தமது நூறு கோடி டாலர் பிழை என்றார். பெரியோர்க்கே அத்தகைய நேர்மை வாய்க்கும்.

நிரல் எழுதுவோர் வாசல்தோறும் நின்று, ‘உண்டா, உண்டா’ என்று கேட்டுச் சலித்தனர். 2005-இல் சி ஷார்ப் மொழி இரட்டைக் கேள்விக்குறியைத் தந்தது: இடப்புறம் வெறுமையாயின் வலப்புறத்து மாற்று மதிப்பைக் கொள்க என்பது அதன் பொருள். 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7, உள்ளடுக்குகள் பல இல்லாவிடினும் முணுமுணுப்பின்றி மாற்றைத் தந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு இக்குறி 2020-இல்தான் வந்தது. அதுவரை அங்கே வழங்கிய இரு செங்குத்துக் கோடுகள், பூஜ்யத்தையும் வெறுமையென்றே கொண்டன. தேர்வில் பூஜ்யம் வாங்கியவனும் தேர்வுக்கே வராதவனும் ஒருவராவரோ?

ஆயினும், மாற்று மதிப்பு எல்லா இடத்திற்கும் பொருந்துவதன்று. காரைக்காலை நிலப்புறத்தில் தமிழ்நாடே சூழ்ந்துள்ளது. மயிலாடுதுறைக்கும் காரைக்காலுக்கும் அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கம் 609 தான். மாநிலப் பெட்டி வெறுமையாயின் ‘தமிழ்நாடு’ என்று இட்டுக்கொள்ளும்படி ஒருவர் எழுதிவிட்டால், நிரல் நிற்காது, பிழைச்செய்தியும் வாராது. சுரக்குடி மாணவனின் உதவித்தொகை விண்ணப்பம் மட்டும் வேறோர் அரசின் கோப்பில் சேர்ந்துவிடும். பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1-இல் ஆட்சியை ஒப்படைத்ததும், 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி நிறைவேறியதும் அந்த ஒரு வரி நிரலுக்குத் தெரியுமா? நின்றுபோன நிரலாவது கூச்சலிட்டிருக்கும்.

எழுத்தின் அளவு, பக்கத்தின் நிறம் போன்றவற்றுக்கு நான் தாராளமாக மாற்று மதிப்பு வைப்பேன். மாநிலத்துக்கு வைப்பதில்லை, பெட்டி வெறுமையாயின், விண்ணப்பித்தவரையே திரும்பக் கேட்கும்படி எழுதிவிடுவேன்.