அபிமன்யுவும் டாக்டர்களின் கவசமும்

சக்கரவியூகத்துக்குள் நுழையத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியே வரத் தெரியவில்லை. நம் எல்லோருக்கும் பாட்டி சொன்ன கதைதான். தொற்றுநோய் வார்டுக்குள் முதல்முறை போகும் இளம் டாக்டரின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம். வெளியே வந்து அதைக் கழற்றும்போதுதான் ஆபத்து. இதை உலகம் புரிந்துகொள்ள நூறு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றில் சில அத்தியாயங்கள், நான் குப்பை கொட்டும் இந்தச் சாகணிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் புனேயில் நடந்தவை.

(நான் மருத்துவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் வவுச்சர் பார்ப்பவன். அந்தக் கண்ணோடுதான் இதையும் படித்தேன்.)

1896-ல் பம்பாயில் இறங்கிய பிளேக், சில மாதங்களில் புனேயைப் பிடித்தது. ராண்ட் என்ற ஆங்கில அதிகாரி வீடு வீடாகச் சிப்பாய்களை அனுப்பியதும், 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் அவரைச் சுட்டதும் பாடப்புத்தகத்தில் வரும். அதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்தது இன்னொன்று. சாவித்ரிபாய் பூலேயின் வளர்ப்பு மகன் யஷ்வந்த் ஒரு டாக்டர். ஹடப்சர் பக்கம் பிளேக் நோயாளிகளுக்காக மருத்துவமனை நடத்தினார். முண்ட்வாவில் நோய் கண்ட ஒரு சிறுவனைச் சாவித்ரிபாய் தானே தூக்கிக்கொண்டு அங்கே சேர்த்தார். நோய் அவருக்கும் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்துபோனார்.

அந்தக் காலத்தில் கவசம் என்று எதைச் சொல்வது? பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தே (1894) மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் பரப்புகிறது என்று சிமோன்ட் சொன்னது 1898-ல். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்றே தெரியாத போர் அது.

அடுத்த பாடம் மஞ்சூரியாவில். 1910 டிசம்பரில் ஹார்பின் நகருக்குப் போன டாக்டர் வூ லியன் தே, பினாங்கில் பிறந்தவர். (மலேசிய நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!) அங்கே வந்திருந்தது நுரையீரல் பிளேக், மூச்சுக்காற்றில் பரவுவது. இரண்டு மடிப்பு வலைத்துணிக்கு நடுவே பஞ்சு வைத்து முகக்கவசம் செய்து, எல்லோரும் கட்டச் சொன்னார். மெனி என்ற பிரெஞ்சு டாக்டர் அதை ஏற்கவில்லை. முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தவர், சில நாட்களில் அதே நோயால் இறந்தார். அதன் பிறகு ஊரே கட்டிக்கொண்டது. சுமார் 60,000 பேரைக் கொன்ற நோய் அது.

மறுபடி புனே. 1952-ல் இங்கே வைரஸ் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம் (என்.ஐ.வி.) அதுதான். 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது, காரணமான வைரஸைக் கண்டறிந்தவர்கள் இவர்கள். அதே வைரஸ் ஆய்வகத்தில் வேலை செய்தவர்களையும் தாக்கியது. இன்று மிக ஆபத்தான கிருமிகளைக் கையாளும் உச்சப் பாதுகாப்பு ஆய்வகம் புனேயிலேயே இருக்கிறது. முழு உடல் கவசம் அணியும் இத்தகைய ஆய்வகங்களில், வேலை முடிந்ததும் கவசத்தோடு மருந்துக் குளியல் போட்ட பிறகே அதைக் கழற்ற முடியும். வெளியே வரும் வழியும் திட்டத்தில் சேர்த்தி.

மருத்துவமனைகள் இந்த ஒழுங்கைக் கற்கத் தாமதமாயிற்று. 2003-ல் சிங்கப்பூரில் சார்ஸ் வந்த 238 பேரில், ஐந்தில் இரண்டு பங்கு மருத்துவப் பணியாளர்கள். 2014-ல் அமெரிக்காவின் டல்லாஸில் ஒரு எபோலா நோயாளியைக் கவனித்த இரண்டு நர்சுகளுக்கு நோய் தொற்றியது. அதே அக்டோபரில் அமெரிக்க அரசு விதியை மாற்றியது: திரும்பத் திரும்பப் பயிற்சி எடுக்க வேண்டும், மாட்டும்போதும் கழற்றும்போதும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வங்கியில் காலங்காலமாக நாங்கள் செய்வதுதானே! பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு அதிகாரி. யார் மீதும் சந்தேகம் என்று அர்த்தமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் களைத்த மூளை தப்புச் செய்யும் என்பதால்தான். பத்து மணி நேரம் வியர்வையில் ஊறிய டாக்டரின் மூளையும் அப்படித்தானே?

கழற்றுவதில் அப்படி என்ன இருக்கிறது என்பீர்கள். கவசத்தின் வெளிப்பக்கம் முழுக்க அழுக்கு. அதைத் தொடாமல், உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும். நடுநடுவே கையைச் சுத்தம் செய்ய வேண்டும். முகக்கவசம் கடைசியில், அதுவும் முன்பக்கத்தைத் தொடாமல் பட்டையைப் பிடித்து. 2015-ல் அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு சோதனை செய்தார்கள். கையுறையில் ஒளிரும் களிம்பைத் தடவி, கழற்றச் சொல்லி, கறுப்பு விளக்கில் பார்த்தார்கள். 46 சதவீதம் தடவை களிம்பு தோலிலோ உடையிலோ ஒட்டியிருந்தது. தவறைக் கண்ணெதிரே காட்டிப் பயிற்சி கொடுத்ததும், 60 சதவீதமாக இருந்தது 19-க்கு இறங்கியது. புது உடை எதுவும் வாங்கவில்லை. பயிற்சி மட்டும்தான்!

2020 மார்ச் 9 அன்று மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் புனேயின் நாயுடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அப்போது முழு உடல் கவசம் நம் நாட்டில் ஏறக்குறையத் தயாராகவே இல்லை. மே மாதத்துக்குள் நாளொன்றுக்கு 2 லட்சத்தைத் தாண்டியது. துணி வழியே செயற்கை ரத்தம் கசிகிறதா என்று சோதித்துச் சான்று கொடுத்தது நம்ம கோயமுத்தூர் சிட்ரா. பெருமைதான். ஆனால் துணிக்குச் சான்று கொடுக்கலாம், கழற்றும் கைக்கு? 2021 மே மாதம், பேராசிரியர்களின் மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர்களையும் கொரோனா பணியில் இறக்க மத்திய அரசு முடிவெடுத்தது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள்.

வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்களில் பாதியில் ஒரு டாக்டர் கனவு இருக்கிறது. பிள்ளை மருத்துவமனையில் சேர்ந்ததும் ஸ்டைபண்ட் எவ்வளவு, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று கேட்கிறோம். கூடவே இதையும் கேளுங்கள்: "கவசத்தைக் கழற்றச் சொல்லிக் கொடுத்தாங்களா? நீ கழற்றும்போது பக்கத்துல யாரு நின்னு பார்க்கிறாங்க?"

அபிமன்யுவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் இருக்கிறோமே.