காரீயமும் தேயிலையும்

ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் வழியில், தேயிலைத் தொழிற்சாலையொன்றின் உலர்த்தும் அடுப்பின் முன் நின்றபோதுதான் இலங்கையின் மற்றொரு கரிய ஏற்றுமதிப் பொருள் என் நினைவுக்கு வந்தது. பென்சிலுக்குள் இருக்கும் காரீயம்தான் அது.

அடுப்பில் விறகு விரைவிலேயே சாம்பலாகிறது. காபனால் ஆன காரீயமோ உருக்கு உருகும் வெப்பத்தையும் தாங்குகிறது. இங்கிலாந்தின் மோர்கன் நிறுவனமும் அமெரிக்காவின் டிக்ஸன் நிறுவனமும் தம் மூசைகளுக்கு இலங்கைக் காரீயத்தை நாடியதற்கு அதுவே காரணம்.

ஆயினும் அது எரியாப் பொருள் அன்று. ஏறத்தாழ 500 பாகை செல்சியசைக் கடந்தால் காற்றிலுள்ள ஒட்சிசன் அதனை மெல்ல அரிக்கத் தொடங்கும். காரீயத்தின் அணுக்கள் தேன்கூடு போன்ற தாள்களாக அடுக்கப்பட்டவை. பிடி தளர்ந்த ஓரத்து அணுக்களே முதலில் வாயுவாகப் போகின்றன. ஒட்சிசன் இரண்டிரண்டு அணுக்களாகப் பிணைந்திருப்பதே காரீயத்துக்குப் பாதுகாப்பு. அப்பிணைப்பு அறுந்து தனியணுவாகி விட்டால், அது சாதாரண வெப்பத்திலேயே தாளின் நடுப்பரப்பிலும் குழி பறிக்கும். பூமிக்குச் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் சூரியனின் புறஊதாக் கதிர்கள் இதைத்தான் செய்கின்றன. விண்ணோடங்களின் இறக்கை முனையிலிருந்த காபனுக்கும் சிலிக்கன் காபைட்டு மேற்பூச்சு தேவைப்பட்டது.

இத்தனை வெப்பம் தாங்கிய காரீயம் யாருக்குச் செல்வம் தந்தது? டொன் ஸ்பேட்டர் சேனநாயக்க காரீயச் சுரங்கத் தொழிலில் பொருளீட்டியவர். அவருடைய மகன் டி. எஸ். சேனநாயக்க 1947இல் முதற் பிரதமரானார். அவரது அரசின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1954இல் நேருவுடன் ஒப்பந்தம் செய்த சேர் ஜோன் கொத்தலாவலையின் தாய்வழிச் செல்வமும் காரீயத்தில் விளைந்ததே. (சுரங்கம்தான் சட்டம் இயற்றியது என்று நான் சொல்லவில்லை, வரலாறு அவ்வளவு எளிதன்று.)

தேயிலை கொய்த கைகளின் அந்நியச் செலாவணியிலும் அந்நாடு வாழ்ந்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 1948இல் பெயர் நீக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் லயன் அறைகளிலேயே மாண்டு போயிருந்தனர்.