கொல்லன் தெரிந்தெடுத்த இரும்பு

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றதும் சிவநடனக் கட்டுரையே நம் நினைவுக்கு வரும். 1877இல் கொழும்பிலே பிறந்த அப்பெரியார், கலையறிஞராகப் புகழெய்துமுன் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை வகித்தவர். கண்டி நாட்டுக் கொல்லரின் திறமையை நாம் அறிவதற்கு 1908இல் அவர் வெளியிட்ட நூலே பெருந்துணை.

போர்த்துக்கேயர் 1505இல் வந்தபின் இந்நாட்டிலே துவக்குப் பெருகியது. பிறநாட்டுத் துவக்கொன்று பழுதுபட்டால், மாற்றுறுப்பு வாங்க மலைநாட்டிலே கடை ஏது? ஊர்க் கொல்லனே அடித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரே இரும்பு எல்லா உறுப்புக்கும் உதவாது. குழலுக்கு இளகிய தேனிரும்பு வேண்டும். நொறுங்கும் இரும்பாயின் மருந்து வெடிக்கையில் குழல் பிளந்து, சுடுபவனையே கொன்றுவிடும். விசைவில்லுக்கும், தீக்கல் உரசும் தகட்டுக்கும் உருக்கே வேண்டும். தேனிரும்பிலே பொறி பறவாது.

அவ்வுருக்கையும் இங்கேயே செய்தார்கள். பலாங்கொடைப் பக்கத்துக் கொல்லர், இரும்பையும் மரச்சிராயையும் களிமண் குழாயில் அடைத்து உலையிலிட்டனர். மரத்தின் கரி இரும்பிலே ஏறி உருக்காயிற்று. அப்பகுதியிலேயே, சமனலவெவாவில், துருத்தியின்றிப் பருவக்காற்றால் எரிந்த பண்டைய உலைகளைப் பற்றி ஜில் ஜுலெஃப் அம்மையார் 1996இல் எழுதி உலகை வியக்கவைத்தார்.

இலங்கைத் துவக்குகளைப் பகைவராகிய போர்த்துக்கேயரே மெச்சினர். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொண்டுசென்ற லேவுகே பீரங்கி, 2023இல் கொழும்புக்குத் திரும்பியது. அதை அரசனுக்கு அளித்த திசாவையின் பெயர் நிலைத்துவிட்டது. நூதனசாலைத் துவக்குகளின் முன்னே நின்று, குழலடித்த கொல்லனின் பெயரை நாம் தேடினோம், கிடைக்கவில்லை.