ஆலை வாசலும் நிறுத்தும் நாளும்: ஓசூர் தொழிற்பகுதியில் புகைவிடுதல் ஆலோசனையும் இலக்கும்

புகையை விட வேண்டும் என்ற நினைப்புக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. வயது வந்தோரின் புகையிலைப் பயன்பாடு குறித்து 2016-17இல் நடந்த உலகளாவிய கணக்கெடுப்பின்போது, இந்தியாவில் புகைப்போரில் 55.4 விழுக்காட்டினர் விடத் திட்டமிட்டிருப்பதாகவோ யோசிப்பதாகவோ கூறினர். மருத்துவப் பணியாளரிடம் சென்றவர்களில் 48.8 விழுக்காட்டினருக்கு ‘விட்டுவிடுங்கள்’ என்ற அறிவுரையும் கிடைத்திருந்தது. நினைப்பு இருக்கிறது, அறிவுரையும் பாதிப் பேரையாவது எட்டுகிறது. ஆனால் அந்த நினைப்பை ஒரு நாளாக, ஒரு வேளையாக, கைக்கெட்டிய ஒரு செயலாக வகுத்துத் தரும் பேச்சு கிடைப்பதுதான் அரிது. ஆலோசனையில் இலக்கு வகுத்தல் என்பது அந்தப் பேச்சுதான். ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில் அதை ஆலையின் உற்பத்தி டார்கெட்டைப் போல வகுத்தால் பலிக்காது என்பது இக்கட்டுரையின் வாதம். முதல் இலக்கு கற்றுக்கொள்வதாக இருக்க வேண்டும். நிறுத்தும் நாளை ஷிஃப்ட் சுழற்சியைப் பார்த்துத் தொழிலாளியே குறிக்க வேண்டும்.

ஓசூர் சிப்காட் வளாகம் 1970களில் உருவானது. 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் ஓடத் தொடங்கியபின் ஊரின் நேரமே ஷிஃப்ட்டின் நேரமாயிற்று. தேன்கனிக்கோட்டை, சூளகிரி, பாகலூர், இராயக்கோட்டைப் பக்கமிருந்து கம்பெனி பஸ்கள் வந்து சேர்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இப்பகுதியில், வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் வாடகை அறைகளில் இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. இங்கே புகைக்கும் வேளையை முடிவு செய்வது பெரும்பாலும் ஆலையின் வாசல். 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்த விதிகளும் பணியிடத்துக்குள் புகைப்பதைத் தடுக்கின்றன. பெயின்ட், எண்ணெய் புழங்கும் ஆலைகளில் தீ விபத்து அச்சம் வேறு. ஆகவே புகையெல்லாம் வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் குவிகிறது. கடைக் கம்பத்தில் கயிறு கட்டித் தொங்கும் லைட்டர், பன் ஜாடிக்குப் பக்கத்தில் பிரித்து வைத்த சிகரெட் பாக்கெட், அதனருகே பீடிக்கட்டு. ஷிஃப்ட் ஏறுமுன் ஒரு தம், இறங்கியதும் அடுத்தடுத்து இரண்டு.

இதன் பின்னால் உடலின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. இரத்தத்தில் உள்ள நிகோடின் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 8 மணி நேரம் உள்ளே நின்றவர் வெளியே வரும்போது பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அந்த நேரத்துச் சிகரெட்டின் இழுப்பு வேறு எந்தச் சிகரெட்டுக்கும் இருக்காது. ஆலோசகர்கள் பலர் இதைத் தடையாக மட்டுமே பார்க்கிறார்கள். நான் இதைக் கைமுதலாகவும் பார்க்கிறேன். இடைவேளையிலும் வெளியே விடாத ஆலையில் வேலை செய்பவர், நாள்தோறும் எட்டு மணி நேரம் புகையில்லாமல் இருந்து பழகியவர். ‘என்னால் ரெண்டு மணி நேரம்கூட முடியாதுங்க’ என்று அவர் சொன்னால், அவருடைய வேலை நாளையே சான்றாக அவர்முன் வைக்கலாம்.

இலக்குக் கோட்பாடு தொழிலகத்தில் வளர்ந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உளவியலாளர் எட்வின் லாக் 1968இல் அதன் அடிப்படைகளை எழுதினார். கேரி லேத்தம் அவரோடு சேர்ந்து அதை விரித்தார். லேத்தமும் பால்டெஸும் 1975இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகள் சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 விழுக்காடே ஏற்றிக்கொண்டிருந்தன. ஓட்டுநர்களிடம் ‘உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்’ என்பதற்குப் பதிலாக ‘94 விழுக்காடு’ என்று இலக்கு சொல்லப்பட்டதும், சில மாதங்களில் சுமை 90 விழுக்காட்டைத் தாண்டியது. தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு வேலையை உயர்த்தும் என்பது இதன் பாடம். புகைவிடுதல் ஆலோசனைக்குள்ளும் அது அப்படியே வந்து சேர்ந்தது: தேதி குறி, எண்ணிக்கை குறி, எட்டிவிட்டாயா என்று பார்.

லாரியில் மரம் ஏற்றுவது ஓட்டுநருக்குத் தெரிந்த வேலை. புகையில்லாமல் ஒரு நாளைக் கழிப்பது, பதினைந்து ஆண்டு புகைத்தவருக்குத் தெரியாத வேலை. இந்த வேறுபாட்டை 1989இல் கான்ஃபர், ஆக்கர்மன் இருவரும் காட்டினர். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைக் கணினிப் பயிற்சியில் பழகத் தொடங்கிய அமெரிக்க விமானப்படையினருக்குத் தொடக்கத்திலேயே மதிப்பெண் இலக்கு விதித்தபோது, அவர்களுடைய கற்றல் கெட்டது. லேத்தமும் பின்னாளில் இதையே வலியுறுத்தினார்: சிக்கலான, பழகாத வேலைக்கு முதலில் தேவை, வழிகளைக் கண்டுபிடிக்கும் இலக்கு. நம் ஆலைத் தொழிலாளி நாள் முழுவதும் டார்கெட்டின்கீழ் நிற்பவர். லைன் டார்கெட் எட்டவில்லையென்றால் சூப்பர்வைசருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதே மொழியில் ஆலோசகரும் ‘இந்த வாரம் பத்திலிருந்து ஐந்து’ என்று பேசினால், தொழிலாளி என்ன செய்வார்? ஐந்து என்று சொல்லிவிட்டு எட்டு பிடிப்பார். பயத்தில் வரும் அந்தப் பொய், ஆலோசனையைத் தொடக்கத்திலேயே முறித்துவிடும்.

ஆகவே முதல் இரண்டு வாரங்களில் எண்ணிக்கையைத் தொடக்கூடாது என்பேன். தொலைபேசி ஆலோசனை ஒன்று ஏறக்குறைய இப்படிப் போகலாம். ‘எப்பண்ணா விடலாம்னு இருக்கீங்க?’ ‘அதாங்க மேடம் தெரியல. நைட் ஷிஃப்ட்ல தூக்கம் வருது, அடிச்சாத்தான் முழிப்பு.’ ‘சரிங்கண்ணா, இப்ப ஒண்ணும் குறைக்க வேண்டாம். தூக்கத்துக்காக அடிக்கிறது எது, கூட இருக்கிறவங்க நீட்டினதால அடிக்கிறது எது, கை தானாப் போறது எதுன்னு மட்டும் பார்த்துட்டு வாங்க.’ அடுத்த அழைப்பில் அவர் கொண்டுவருவது அவரே திரட்டிய அறிவு. அதிலிருந்துதான் ‘இப்படி ஆனால் இப்படிச் செய்வேன்’ என்ற வகைத் திட்டங்கள் பிறக்கின்றன. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் இவற்றின் பலனை விளக்கினார்: எண்ணத்தைச் சூழ்நிலையோடு முடிச்சுப் போட்டுவிட்டால், அந்தச் சூழ்நிலை வந்ததும் செயல் எளிதில் வருகிறது. ‘ஷிஃப்ட் விட்டதும் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் நேராக பஸ்ஸில் ஏறி உட்காருவேன்’ என்பது அப்படிப்பட்ட ஒன்று. ‘மனவுறுதியோடு இருப்பேன்’ என்பது அல்ல.

எண்ணிக்கையைத் தொடாமல் காத்திருப்பது காலவிரயம் என்று தோன்றலாம். சான்று வேறு சொல்கிறது. லின்ட்சன்-ஹாலி குழுவினர் இங்கிலாந்தில் 697 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோருமே இரண்டு வாரம் தள்ளி நிறுத்தும் நாளைக் குறித்தனர். ஒரு சாரார் அந்நாள்வரை படிப்படியாகக் குறைத்தனர். மறுசாரார் வழக்கம்போல் புகைத்து, குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தினர். ஆறு மாதம் கழித்தும் விலகி நின்றோர் முதல் சாராரில் 15.5 விழுக்காடு, இரண்டாம் சாராரில் 22 விழுக்காடு. இரு சாராருக்கும் ஆலோசனையும் நிகோடின் மாற்று மருந்தும் கிடைத்திருந்தன. ஆக, முன்வாரங்கள் பயில்வதற்கு, நிறுத்தம் ஒரேயடியாக.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றும் உண்டு. ராபர்ட் வெஸ்ட், சோஹல் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் நிறுத்த முயற்சிகளில் ஏறத்தாழ பாதி திட்டமின்றி நிகழ்ந்தவை. அவையே ஆறு மாதத்துக்குமேல் கூடுதலாக நிலைத்தன. அப்படியானால் இலக்கு வகுப்பதே வீணா? அவர்கள் கேட்டது நடந்து முடிந்தவற்றைப் பற்றிய நினைவை. திடீரென்று விட்டு, மறுநாளே திரும்பிய முயற்சிகள் நினைவில் தங்குவதில்லை. எனினும் அதிலிருந்து ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும்: அழைப்பவர் ‘இன்னைக்கே விடறேன்’ என்றால் இரண்டு வாரப் பாடத்தைக் காட்டி அவரைத் தள்ளிப்போடக்கூடாது. அவருக்குக் கற்றல் நிறுத்தியபின் தொடரட்டும்.

நம் மண்ணில் இலக்கு வகுத்தலுக்கு நல்ல சான்று சபரிமலை மாலை. பல ஆண்டு புகைத்தவர்கள்கூட மாலை போட்டதும் 41 நாள் தொடாமல் இருப்பதை இப்பகுதியின் எந்த ஆலை வாசலிலும் பார்க்கலாம். அந்த விரதத்தில் நல்ல இலக்கின் கூறுகள் பல அமைந்திருக்கின்றன. தொடக்க நாள் திட்டவட்டமானது. கறுப்பு வேட்டியும் மாலையும் எல்லோருக்கும் தெரியும். கூட வேலை செய்பவர்கள் ‘சாமி’ என்று அழைக்கிறார்கள். எவரும் சிகரெட் நீட்டுவதில்லை. தேர்ந்தெடுத்ததும் அவரே. பக்தியின் வலிமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குத் துணைநிற்கும் ஏற்பாட்டைத்தான் சுட்டுகிறேன். நிகோடின் விலகலின் கடும் தொல்லை முதல் வாரத்தில் உச்சமாகி, பொதுவாக நான்கு வாரங்களுக்குள் அடங்கிவிடும். 41ஆம் நாளில் உடல் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். ஆனால் இலக்கு மலையோடு முடிந்துவிடுகிறது. மாலை கழற்றிய மறுநாள் டீக்கடையில் என்ன செய்வது என்பதற்கு அதில் இடமில்லை. பலர் அன்றே திரும்புகிறார்கள்.

எந்த நாளைக் குறிப்பது? பெரும்பாலோர் ஞாயிறு, பொங்கல், புத்தாண்டு என்கிறார்கள். விடுமுறை நாளில் நேரம் நீள்கிறது, நண்பர்கள் கூடுகிறார்கள், பலருக்கு மதுவும் சேர்கிறது. வேலை நாளோ எட்டு மணி நேரத்தைத் தானே காத்துத் தருகிறது. முதல் ஷிஃப்ட் வாரத்தின் நடுவில் வரும் வேலை நாள் ஏற்றது என்பது என் கருத்து. நைட் ஷிஃப்ட் வாரத்தைத் தவிர்க்க வேண்டும். விலகலில் தூக்கம் கெடும்போது ஷிஃப்ட்டும் தூக்கத்தைக் கெடுத்தால் தாங்காது. வழுக்கல் நேர்ந்தால் என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே இலக்கின் பகுதியாக வேண்டும். ‘ஒண்ணு அடிச்சாச்சு, இனி என்ன’ என்று முழுவதும் சரிவதை உளவியலாளர் ஆலன் மார்லட் 1985இலேயே விரித்து எழுதினார். ஒன்று பிடித்த அன்றே ஆலோசகரை அழைப்பது என்று எழுதி வைத்திருப்பவர், அதைத் தோல்வியாகப் படிப்பதில்லை.

ஏற்பாடுகள் இல்லாமலில்லை. 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுதல் உதவி எண் 2016இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கியது. 2018இல் அது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துக்கும் விரிந்து தென்மாநில மொழிகளில் பேசத் தொடங்கியது. நிம்ஹான்ஸ் இருப்பதோ ஓசூர் ரோட்டில். அந்த எண் பாக்கெட்டில் அச்சாகிறது. ஆனால் உதிரியாக ஒன்று, இரண்டு வாங்கும் தொழிலாளி பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. உதிரி விற்பனையைக் கர்நாடகம் 2017இல் தடை செய்தது. எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு இப்பால், தமிழகத்திலும் அந்தத் தடை வேண்டும். அதுவரை அந்த எண் டீக்கடைச் சுவரிலும் கம்பெனி பஸ்ஸிலும், நான்கைந்து மொழிகளில் எழுதப்பட வேண்டும்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வருபவர், புகைப்பவரிடம் மூன்று கேள்விகள் கூடுதலாகக் கேட்கலாம்: அடுத்த முதல் ஷிஃப்ட் வாரம் எப்போது, நிறுத்தும் நாளாக எதைக் குறித்திருக்கிறீர்கள், அன்று வேலை விட்டதும் எந்த வழியாக வீட்டுக்கு வருவீர்கள். பதிலைக் குறித்துக்கொண்டு, அந்த நாளில் ஷிஃப்ட் விட்டுப் பத்து நிமிடத்தில் ஒரு அழைப்பு. மாலை போட்டவராக இருந்தால், மலையிலிருந்து திரும்பும் நாளைக் கேட்டு, மாலை கழற்றுவதற்கு முந்தைய நாளே அழைக்க வேண்டும்.