மனைக்கட்டும் விடுதலையும்

“விடுதலைன்னா என்னன்னே தெரியாதவங்க, அதை எப்படிக் கேப்பாங்க?” அடிமைத்தனம் பற்றிய பேச்சில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். அனுபவித்திராத ஒன்றின் மதிப்பை அறிய முடியாது என்பது இதன் உட்கிடை. கேட்பதற்குத் தத்துவம் மாதிரி இருக்கிறது. ஆனால் யார் இதைச் சொன்னார்கள், யாரைப் பற்றிச் சொன்னார்கள் என்று பார்த்தால் கேள்வியின் அரசியல் புலப்படும்.

இன்று மேம்பாலமும் தொழிற்சாலைகளுமாகத் தெரிகிற பாடி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அம்மாவட்டத்தில் நிலம் மிராசுதாரர் கையில். உழைப்பு சேரியின் தலையில். படியளந்து வேலை வாங்கப்பட்டவர்களுக்குப் படியாள் என்று பெயர். ஒருவரை அடிமை என்று உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்றது 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம். காகிதத்தில் அடிமைகள் மறைந்தார்கள். சேரியிலோ, குடிசை நின்ற மனையே மிராசுதாரருடையது. வேலையை விட்டால் வீடும் போகும்.

இங்குள்ள அடிமைத்தனம் ‘மென்மையானது’ என்று காலனிய அதிகாரிகள் நம்பியதை ரூபா விஸ்வநாத் தம் 2014ஆம் ஆண்டு நூலில் விரிவாக எடுத்துக்காட்டுகிறார். அடிமை திருப்தியாக இருக்கிறான் என்பதே அதன் பொருள். ஆனால் வாயைத் திறந்தால் கூரை போகும் என்கிற இடத்தில் “எங்க ஐயா நல்லவர்” என்ற சொல்லை எப்படி வாசிப்பது? வெளியேறும் வழி திறந்திருந்தால்தான் தங்கியிருப்பதைச் சம்மதம் என்று கொள்ளலாம். வழி கிடைத்தபோது பலர் போனார்கள்: ஆலைக்கு, பட்டணத்துக்கு, கப்பலேறி மொரீசியசுக்கு. அங்கேயும் ஒப்பந்தத் தளை காத்திருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் போனார்கள்.

அடிமைத்தனத்தின் அனுபவத்திலிருந்தே விடுதலை ஒரு விழுமியமாகப் பிறந்தது என்று 1991இல் எழுதினார் சமூகவியலாளர் ஆர்லண்டோ பேட்டர்சன். தாகத்தை அறிய முன்பே தண்ணீர் குடித்திருக்க வேண்டியதில்லை. சேரி விடுதலையை ஓர் அருவமான கருத்தாக அறிந்திருக்கவில்லை. யாரும் பிடுங்க முடியாத ஒரு மனைக்கட்டாக அறிந்திருந்தது.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, 1892இல் பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. சேரிக்கு மனை தருவதை மிராசுதாரர்கள் எதிர்த்தார்கள். ஆளுக்கு விடுதலையின் அருமை தெரியாது என்றால், ஒரு குடிசை மனைக்கு ஏன் இத்தனை பயம்? அதன் விலை இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது. ஒரு பக்கம்தான் தெரியாததுபோலப் பேசியது.

கைமாறிப்போன அந்தப் பஞ்சமி நிலங்களை மீட்கச் செங்கல்பட்டையடுத்த காரணையில் எழுந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். அவர்கள் கேட்டதும் நிலம்தான்.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடலாம்: விடுதலையை எப்போதும் அனுபவித்து வந்தவர்கள் அதன் மதிப்பை அறிவார்களா?