சமுதாய நலவாழ்வும் பொது சுகாதாரமும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஓர் அறிமுகம்

நோயுற்ற ஒருவரைக் குணப்படுத்துவது மருத்துவம். அந்நோய் அவருக்கு எங்கிருந்து வந்தது, அடுத்து யாருக்கு வரக்கூடும், அதனைத் தடுக்க ஊரில் எதனை மாற்ற வேண்டும் என்று ஆராய்ந்து செயல்படுவது பொது சுகாதாரம். அச்செயலில் ஊர் மக்களும் பங்கேற்கும்போது அது சமுதாய நலவாழ்வு எனப்படுகிறது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அது அக்குடும்பத்தின் துன்பம் மட்டுமன்று. அவ்வூருக்கான ஒரு தகவலும் ஆகும். அத்தகவல் உரியவர்களுக்குச் சென்று சேர்வதில் நோயாளிக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் பெரும் பங்கு உண்டு.

பிளேக் கற்பித்தது என்ன?

1896ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் அடுத்தடுத்த ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. தென்னிந்தியாவில் அது நெடுங்காலம் நிலைகொண்ட இடங்களுள் ஒன்று, அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த கம்பம் பள்ளத்தாக்கு. மலைகள் சூழ்ந்த இந்நெல் விளையும் நிலத்தில் அந்நோய் ஏன் விட்டகலவில்லை என்பதை ஜார்ஜ், வெப்ஸ்டர் என்னும் இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். அவர்களது அறிக்கை 1934ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது.

இத்தகைய ஆய்வு நோயாளியின் படுக்கையருகே முடிந்துவிடுவதில்லை. வீட்டெலிகளைப் பிடித்து, அவற்றின் உடலில் எத்தனை தெள்ளுப்பூச்சிகள் உள்ளன, அவை எந்த இனத்தைச் சேர்ந்தவை என்று கணக்கிட வேண்டும். பிளேக் முதலில் எலிகளின் நோய். எலி இறந்ததும் அதன் உடலிலிருந்த தெள்ளுப்பூச்சி வேறு உயிரைத் தேடும்போதுதான் மனிதரைக் கடிக்கிறது. எலித் தெள்ளுப்பூச்சிகளிலும் எல்லா இனங்களும் ஒரே அளவில் நோயைக் கடத்துவதில்லை. ஆகவே ஓர் ஊரில் எந்த இனம் மிகுந்துள்ளது என்பதைக் கொண்டே அவ்வூருக்குள்ள ஆபத்தை மதிப்பிட முடிந்தது.

அக்காலத்தில் பிளேக் நோயாளிக்குக் கொடுக்கத் தகுந்த மருந்து இருக்கவில்லை. இந்நோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பு உயிர்களைக் காத்தவை வேறு செயல்கள்: எலிகள் செத்து விழுந்தவுடன் தகவல் தெரிவித்தல், வீட்டை விட்டு வயல்வெளிக் குடிசைகளுக்குச் சென்று தங்குதல், தானியத்தை எலி அணுகாதவாறு வைத்தல், எலி வளைகளை அழித்தல், தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல். இவற்றுள் தடுப்பூசி நீங்கலாக மற்றவை மருத்துவரின் கையில் இல்லை என்பதைக் கவனிக்கவும். செத்த எலியை மறைத்த வீடு தன் தெருவையே ஆபத்துக்கு உள்ளாக்கியது. வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்னும் அச்சமே பலரை அவ்வாறு மறைக்கச் செய்தது. அவ்வச்சத்தைப் புரிந்துகொள்ளாமல் வெறும் கட்டளையால் நோயைத் தடுக்க இயலாது.

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. குடிநீர், கழிவுநீர், கொசு ஒழிப்பு, தொற்றுநோய் அறிவிப்பு ஆகியவற்றில் உள்ளாட்சிகளுக்கும் சுகாதாரத் துறைக்கும் உள்ள கடமைகளை அது வகுத்துரைக்கிறது.

இன்று உங்கள் வீட்டில் காய்ச்சல் எனில்

எலிக்குப் பதிலாக இன்று ஏடிஸ் கொசுவை வைத்துப் பார்க்கலாம். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் இக்கொசு சாக்கடையில் அன்றி, வீட்டில் சேமித்து வைக்கும் நல்ல நீரில் வளர்வது. சிமெண்ட் தொட்டி, டிரம், பழைய டயர், ஆட்டுக்கல்லின் குழி, தேங்காய்ச் சிரட்டை ஆகியவை போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்ப்பது முக்கியம்; சுவரில் ஒட்டிய முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் வரும்போது அடுக்களைப் பின்புறத் தொட்டியையும் காட்டுங்கள்.

டெங்கு நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைக்க வேண்டும். காய்ச்சலின் முதல் நாட்களில் அவரைக் கடிக்கும் கொசுவே பக்கத்து வீட்டுக்கு நோயைக் கொண்டு செல்கிறது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தராதீர்கள்; அவை இரத்தக்கசிவை உண்டாக்கலாம். காய்ச்சல் குறைந்தவுடன் நோய் நீங்கிவிட்டதாகக் கருதுவது ஆபத்தானது. அந்த ஓரிரு நாட்களில்தான் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கிலிருந்து இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றக்கூடும். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எங்கே சென்று வந்தீர்கள் என்பதைக் கட்டாயம் கூறவும். இப்பகுதியிலிருந்து பலர் அதிகாலை ஜீப்பில் ஏறி, மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். உண்ணிக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலவே தோன்றும். இரண்டுக்கும் பலனளிக்கும் மருந்துகள் உண்டு, ஆனால் காலத்தோடு தொடங்க வேண்டும். தோட்டவேலை என்னும் ஒரு சொல் மருத்துவரின் சிந்தனையைச் சரியான திசையில் திருப்பும். உடலின் மறைவிடங்களில் சிகரெட் சுட்டது போன்ற கருநிறப் புண் இருந்தால் அதனையும் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சலின் அடையாளமாக அது இருக்கலாம்.

யாரை அணுகுவது?

முதலில் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நாட்டின் அளவுகோல். அதற்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையமும் வட்ட மருத்துவமனையும், மாவட்ட அளவில் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. ஒரே தெருவில் ஒரு வாரத்தில் இரண்டு மூன்று வீடுகளில் காய்ச்சல் கண்டால், எவரும் மருத்துவமனைக்குச் செல்லாவிட்டாலும் செவிலியரிடம் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாலும் டெங்கு, காசநோய் ஆகியவற்றை அரசுக்குத் தெரிவிப்பது அம்மருத்துவமனையின் கடமை. இதனால் உங்கள் சிகிச்சை எவ்விதத்திலும் பாதிக்கப்படாது.

இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நீண்டகால நோயுள்ளோருக்கு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் மருந்துகள் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. படுக்கையிலுள்ளோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் இதில் அடங்கும். காசநோயாளியின் வீட்டில் உடன் வசிப்போர் அனைவரும் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் கூறினால் தடுப்பு மாத்திரைகளை முழுமையாக உட்கொள்ள வேண்டும். எங்கு செல்வது என்னும் ஐயம் இருந்தால் 104 என்ற எண்ணை அழைக்கலாம்.